பொங்கல் போட்டோவுக்கு முழுக்கை

4 ஜனவரி 2026, ஞாயிறு

இந்த வருஷம் மாம்பழ மஞ்சளாம். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே நிறத்தில் உடுத்தி, பொங்கலுக்கு முன்னால் அவரவர் ஊரில் போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட வேண்டும். ஆறு வருஷமாக நடக்கிற கூத்து இது. கோவில்பட்டியிலிருந்து கொழுந்தன் பெண்டாட்டி சந்திரலேகா போன் செய்தாள். "இந்தத் தடவையும் ஜாக்கெட்டுக்கு முழுக்கையே வைப்போம்க்கா, எடுப்பா இருக்கும்." பெரிய சினிமாக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். ஆனால் எனக்கும் முழுக்கைதான் வசதி. போன வாரம் கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்தில் பழுதாகி நான் லேட்டாக வந்ததற்கு அவர் முறுக்கிய கை இன்னும் நீலமாக இருக்கிறது.

6 ஜனவரி, செவ்வாய்

பேக்ரவுண்ட் முடிவாகிவிட்டது. ஒரகடம் ரோட்டில் கார் கம்பெனிக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் புதுக் கார்கள் வரிசையாக நிற்குமே, அதன் முன்னால். நாங்கள் வாங்கியது போலத் தெரியுமாம். "கம்பி தெரியுமே" என்றேன். ஒரே அறை. காது இன்னும் கொய்யென்கிறது.

நாளை செகண்ட் ஷிப்ட். பிள்ளைக்குச் சாப்பாடு அவர்தான் போட வேண்டும்.

9 ஜனவரி, வெள்ளி

டெய்லர் செந்தாமரை அளவெடுக்கும்போது சுகப்பிரியா கையை நீட்டவே இல்லை. "எனக்கும் அம்மா மாதிரி முழுக்கை வைங்க ஆன்டி" என்றாள். ஏழு வயசு. வேர்த்தால் சட்டையைக் கழற்றி எறிகிறவள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மூன்று கோடு. சார்ஜர் வயர்.

"உன்கிட்ட சொன்னா உன்னையும் அடிப்பேன்னு அப்பா சொன்னாங்கம்மா."

எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது என் பிள்ளை. நான் எதையெதையோ மறைத்து மறைத்து இதைத்தானா கற்றுக்கொடுத்தேன்? அவன் கையை ஒடிக்கணும். ஒடிக்காம விட்டா நான் என்ன தாய்?

11 ஜனவரி, ஞாயிறு



மஞ்சள் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். என் புருஷன் மாரிசெல்வம் தன் மஞ்சள் சட்டையை மாட்டி, தலை சீவி வந்து நின்றான். "இன்னும் கெளம்பலியா? வெயில் போயிரும்." "இவ கையில என்னது?" என்று கேட்டேன். முடியைப் பிடித்து பீரோவில் மோதினான். வாயில் ரத்தம். பிள்ளை அலறினாள். அவள் பக்கம் திரும்பி பெல்ட்டை உருவினான்.

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நீட்டினேன். "அவளத் தொடு பாப்போம். மூஞ்சில வச்சு இழுத்துருவேன்." நம்பவில்லை. கையை ஓங்கினான். முழங்கையில் வைத்துவிட்டேன். மஞ்சள் சட்டை கருகுகிற நாற்றம். கத்திக்கொண்டே வெளியே ஓடினான். பொய் எதற்கு, அந்தக் கத்தல் எனக்கு இனித்தது.

கீழே குடியிருக்கும் வீட்டு ஓனர் லூர்தம்மாள் எங்களை உள்ளே தள்ளி கேட்டைப் பூட்டினார். அவன் திரும்பி வந்து கேட்டை உதைத்தபோது உலக்கையோடு போய் நின்றார். "இன்னொரு தபா ஒதைச்ச, மண்டைய பொளந்துடுவேன். போடா!" போய்விட்டான்.

கம்பெனியில் எனக்கு வேலை, லைனில் வருகிற பீஸில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. கீறல் இருந்தால் வெள்ளை ஷீட்டில் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, தேதி எழுதிப் போட்டோ எடுக்க வேண்டும். இல்லையென்றால் லைன் லீடர் அம்சவல்லி திருப்பிவிடுவாள். "ஸ்கேல் இல்லாம இன்னாத்த நம்புறது?" என்பாள்.

லூர்தம்மாள் வீட்டு வெள்ளைச் சுவரில் பிள்ளையின் கையை வைத்தேன். அவள் பள்ளிக்கூட ஸ்கேல். என் பையில் கிடந்த ஸ்டிக்கர். தேதி. ஏழு சென்டிமீட்டர், ஐந்து, ஐந்தரை. அப்புறம் என் கை, என் உதடு. போட்டோ எதிர்பார்த்திருந்த குரூப்பில் அனுப்பினேன். பதினேழு பேர் பார்த்தார்கள்.

12 ஜனவரி, திங்கள்

ஸ்ரீபெரும்புதூர் மகளிர் ஸ்டேஷன். புகார் கொடுத்தேன். பெட்டியால் சுட்டதையும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் கையில் கட்டோடு அவனைக் கூட்டி வந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

15 ஜனவரி, வியாழன். பொங்கல்

மாமியார் காலையிலேயே போன். "நல்ல நாளும் பொழுதுமா மானத்த வாங்கிட்டியேட்டி." "உங்க மகன் பேத்திய வயரால வாங்கினத நீங்க இன்னும் கேக்கலியே அத்தே" என்றேன். வைத்துவிட்டார்.

லூர்தம்மாள் அடுப்பில்தான் பொங்கினோம். சர்ச்சுக்குப் போகிறவர், எங்களைவிடச் சத்தமாகப் பொங்கலோ பொங்கல் போட்டார். சுகப்பிரியா கையில்லாத பழைய கவுனைத் தானாகவே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மத்தியானம் சந்திரலேகாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. குரூப்பில் இல்லை, எனக்கு மட்டும். வெள்ளை வேட்டி மேல் ஒரு கை. மஞ்சள் ஜாக்கெட்டின் முழுக்கை தோள் வரை சுருட்டியிருந்தது. பக்கத்தில் அவள் மகனுடைய பள்ளிக்கூட ஸ்கேல். ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

பெரிசாக்கிப் பார்த்தேன். ஒன்பது சென்டிமீட்டர்க் கோடு. ஆறு வருஷமாக இவளை சினிமாக்காரி என்று திட்டியிருக்கிறேன்.

உடனே கூப்பிட்டேன். எடுத்தாள்.

"தேதி போடலியே சந்திரா. தேதி போட்டு இன்னொண்ணு எடுத்து வச்சுக்கோ. எடுத்துட்டு, பிள்ளையத் தூக்கிட்டு பஸ் ஏறு."