ஐந்தாம் பக்கத்தில் உங்கள் பெயர்

இன்று உங்கள் கையேட்டைத் திறந்தேன். நம் யட்டியாந்தோட்டையின் மழை ஈரத்தில் தாளெல்லாம் பூஞ்சை வாடை. ஒரு கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் மென்பொருளுக்காக, நாம் கற்பித்த கணினி நிலையப் பிள்ளைகளுக்கு நீங்கள் எழுதியது. ஐந்தாம் பக்கத்தில், பெயரைப் பதியும் உதாரணக் கட்டளையில், உங்கள் பெயரே இருக்கிறது.

நீங்கள் போய் எட்டு மாதம். இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டுமாம். எனக்கு அது வரவில்லை.

கரும்பலகையில் இருப்பதைப் புள்ளி பிசகாமல் எழுதினால்தான் சரி என்று தோட்டப் பள்ளிக்கூடத்தில் பழகிய பிள்ளைகள் அவர்கள். உங்கள் பெயரையும் அப்படியே தட்டினார்கள். எல்லோருடைய வேலையும் உங்கள் பெயரில் பதிவானது. நிலையத்தைப் பார்க்க வந்தவர்கள் அந்தப் பதிவுப் பட்டியலைக் கண்டு, தனி ஆளாக இவ்வளவா என்று உங்களைப் பாராட்டினார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். பக்கத்தில் நானும் நின்றேன்.

பிறகு, ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வந்து படித்த ஜெயந்தி கொழும்புக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். ஒரு வருடம் உழைத்துச் செய்ததைத் திறந்து காட்டினாள். வேலை கிடைக்கவில்லை.

"இதுல ஒங்க பேரு எங்கன்னு கேட்டாங்க மிஸ்."

கையேட்டைத் திருத்தச் சொல்லி உங்களிடம் வந்தேன். நீங்கள் தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உதாரணம்னா உதாரணந்தானே மிஸ். சொந்தப் பேரப் போடத் தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குங்க?"

நீங்களும் அதே லயத்தில் பிறந்து, அதே பலகையைப் பார்த்து எழுதியவர். பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்று கணினியில் அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தப் பெயரையும் வைக்கவில்லை. அப்படியே பார்த்துத் தட்டினால் இனி கட்டளை ஓடாது. பிழை காட்டி நிற்கும். மேலே, "உங்கள் சொந்தப் பெயரை எழுதுங்கள்" என்று ஒரு வரி. சேமித்துவிட்டு, அதே மென்பொருளில் பதிவைப் பார்த்தேன்.

திருத்தியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்.

பல்கலைக்கழகம் போய்வந்த நானும், நிலையத்தில் சேர்ந்த அன்று, ஐந்தாம் பக்கத்தைப் பார்த்து அப்படியே தட்டியிருக்கிறேன். இத்தனை நாளும் என் பதிவை நான் திறந்தே பார்த்ததில்லை.

என் பெயரைக் கொடுத்து, திருத்தத்தை மறுபடி பதிந்தேன். பழைய பதிவுகளையும் மாற்ற வழி உண்டு. ஜெயந்தியுடையதை ஒவ்வொன்றாக மாற்றி, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னுடையதை மாற்றவில்லை. அது உங்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல. உங்களைக் குற்றம் சொல்ல வரும்போதெல்லாம் முதலில் உங்கள் பெயரிலிருக்கும் என் பட்டியலைப் பார்த்துக்கொள்வதற்காக வைத்திருக்கிறேன்.