கிராணி கேட்ட பெயர்

ரேஸ் கோர்ஸ் ரோடு, சிங்கப்பூர்
14.8.1961

ஈப்போவில் இருக்கும் உங்களுக்கு,

நம் வரிசை வீட்டுப் பெண்கள் ஏழு பேருக்கும் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது.

போன மாதம் நான்தான் அவர்களை அழைத்துப்போனேன். வேலைக்கான மனுப் பாரத்தை நிரப்ப உட்கார்ந்த ஆபீஸ் கிராணி, "புருஷன் பேர் என்னம்மா?" என்று கேட்டதும் ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கட்டியவன் பேரை நம் பெண்கள் வாயால் சொல்வார்களா? எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்து அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "சொல்லிப் பழகுங்கடி" என்றேன். காத்தாயி கேட்டாள்: "நீங்க சொல்லுவீங்களாக்கா, உங்க வீட்டுக்காரர் பேரை?"

சொன்னேன். கல்யாணமான பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, உரக்கச் சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை. அப்புறம் ஒவ்வொருத்தியும் வெட்கப்பட்டு, சிரித்து, கடைசியில் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மறுபடி போனபோது, கிராணி கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது.

எட்டாவதாக நானும் மனுக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை முதல் எனக்கும் வேலை. தீபாவளிக்கு வருவதாக நான்காவது வருஷமாக எழுதியிருக்கிறீர்கள். பகலில் வந்தால் வீடு பூட்டியிருக்கும்.

உறையில் உங்கள் பெயரை இதுவரை பக்கத்துக் கடைக்காரர்தான் எழுதித் தந்தார். இந்தத் தடவை நானே எழுதினேன்.

இப்படிக்கு,
நான்தான்.