பலகையில் பன்னிரண்டு

பொழிச்சலூர்,
8.2.2025, சனிக்கிழமை.

அன்புள்ள ஜீவானந்தம் அண்ணாவுக்கு,

கனகவல்லி எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நான் நலம், மகள் ஏஞ்சலும் மாப்பிள்ளையும் நலம். இவரையும் அந்த வரியில் சேர்த்து எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தபாலாபீஸில் முப்பத்தோரு வருஷம் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தினேன். நானே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி எத்தனையோ காலம் ஆகிறது. போனில் பேசலாம் என்றால், பட்டாளம் என்ற பேச்சை எடுத்தாலே "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். உங்கள் டேராடூனில் எனக்குத் தெரிந்து எல்லா மூலையிலும் சிக்னல் இருக்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பாருங்கள்.

இவர் பழைய லாரி ஒன்றை வாங்கிச் சரிசெய்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அது என்ன லாரி என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார். முழுசாக முடித்து, ஓட்டி, வீடியோ எடுத்து அனுப்பி உங்களை அசத்துவதாகத் திட்டம். அது பட்டாளத்து லாரி அண்ணா. சக்திமான்.

தாம்பரத்தில் நீங்கள் இரண்டு பேரும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வரிசையில் ஒன்றாக நின்றதும், உங்களை எடுத்துக்கொண்டு இவரைத் தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பியதும், ஸ்டேஷன் வரைக்கும் இவர் அழுதுகொண்டே வந்ததும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஆசையை மனுஷர் விடவே இல்லை. பஸ் டெப்போவில் முப்பத்தைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனார். மற்றவர்கள் ரிட்டயர் ஆனால் திருநீர்மலை படி ஏறி உடம்பைக் குறைப்பார்கள். இவர் ஷ்யாம்சுந்தரின் பழைய இரும்புக் கடைக்குப் போனார். டயர் கிடையாது, கான்வாஸ் கிடையாது, பேட்டரிப் பெட்டிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அதைக் கிரேனில் தூக்கி வந்து எங்கள் பக்கத்துக் காலி மனையில் இறக்கினார்கள். "சார், இது உங்க கைக்கோசரம்தான் இத்தினி நாளு காத்துகினு கீது" என்றார் ஷ்யாம்சுந்தர். வியாபாரப் பேச்சு என்று அன்றைக்குச் சிரித்தேன்.

முதல் ஆறு மாதம் சந்தோஷமாகத்தான் போயிற்று. என்ஜினைப் பிரித்து என்னுடைய பாத்திரங்களில்தான் போல்ட்டுகளை ஊறப்போட்டார். இட்லிக் குண்டான் போனது போனதுதான். பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட அடியில் இன்னொரு பெயின்ட். "இன்னா கனகா, கல்யாணத்தன்னிக்கு நீ கூட இவ்ளோ பூசிக்கல" என்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் அடியில், கேபினின் கூரை குறுக்காகக் கிழிந்து ஒட்டுப் போட்ட தடம் இருந்தது. வண்டி எங்கேயோ உருண்டிருக்கிறது என்றார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பின்பக்கத்துப் பலகையை, அதுதான் ஆட்கள் ஏறி இறங்கத் திறக்கிற கதவை, வெறும் இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்த்தார். மறுநாள் காலையில் அதன் உள்பக்கத்தில் சாக்பீஸால் 12 என்று எழுதியிருந்தது. தெருப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே ஈரத் துணியால் துடைத்தேன். அடுத்த நாளும் இருந்தது. இவர் பச்சைப் பெயின்ட் அடித்தார். பெயின்ட் காய்வதற்குள் அதன் மேலேயே 12 இருந்தது. ஈரப் பெயின்ட் மேல் சாக்பீஸ் எழுதாது அண்ணா, நான் எழுதிப் பார்த்தேன்.

அந்த 2 எனக்குத் தெரிந்த 2. அடியில் ஒரு சுழி போட்டு வாலை மேலே தூக்கி எழுதியது. எங்கள் கதவு எண் 22 என்று எத்தனை உறை மேல் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தோரு வருஷம் கையெழுத்து பார்த்தவளுக்கு இது தெரியாதா. ஆனாலும் இருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பொங்கலன்று என்ஜின் முதல் தடவையாக ஓடியது. அன்றிலிருந்து பகல் சாப்பாடு முடிந்ததும் வண்டியில் ஏறி உட்காருகிறார். ஓட்டுகிற சீட்டில் இல்லை. அதற்குப் பக்கத்தில், இடதுபக்கத்துச் சீட்டில். இரண்டு மணி சுமாருக்குப் பின்னாலிருந்து கேபினில் இரண்டு தட்டு கேட்கிறது. கண்டக்டர் பஸ்ஸைத் தட்டுவாரே, அதேபோல. நான் ஓடிப் போய்ப் பின்னால் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெறும் பெஞ்சு. தலைக்கு மேல் விமானம் இறங்குகிற இரைச்சலில் தப்பாகக் கேட்டிருக்கும் என்று நினைத்து மறுநாள் பக்கத்திலேயே நின்றேன். விமானம் எதுவும் வரவில்லை. தட்டு வந்தது. கொளுத்துகிற வெயிலில் அந்தப் பெஞ்சு பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது, நனைந்த கம்பளி வாடை வேறு.

அந்தச் சீட்டில் இருக்கும்போது இவர் இந்தியில் பேசுகிறார். இந்தியில் பத்து வரை எண்ணத் தெரியாத ஆள். பக்கத்து வீட்டுக் கேசவன் டில்லியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், அவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "அக்கா, ஒரு ஆள் கொறையுது, இன்னொரு தபா எண்ணுன்றார். அதையேதான் திரும்பத் திரும்ப சொல்லிகினு கீறார்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு எங்கள் மதில் பக்கம் தலை காட்டுவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை "ஏங்க, ஏங்க" என்று நாலைந்து தடவை கூப்பிட்டும் இவர் திரும்பவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, "ஜீவா" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து "ம்" என்றார்.

அன்றைக்கு அழுதுகொண்டே அலமாரியைக் குடைந்து, 86இல் நீங்கள் அனுப்பிய போட்டோவை எடுத்தேன். பம்பர் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். பட்டாளத்து வண்டிகளில் போடுகிற அம்புக்குறிக்குப் பக்கத்தில் வண்டி எண் தெளிவாகத் தெரிகிறது. இவர் பெயின்ட்டுக்கு அடியில் கண்டுபிடித்து நோட்டில் குறித்து வைத்திருப்பதும் அதே எண்தான். கடைசி மூன்று எண் 617.

அதற்கடுத்த வருஷம் நீங்கள் லீவில் வந்து எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து இவரிடம் சொன்னதைக் காபி கொண்டுவந்த நானும் படியில் நின்று கேட்டேன். இத்தனை வருஷமாகக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். போட்டோவில் இருக்கிற அந்த வண்டி மலையில் கிளம்பும் முன் ஆள் எண்ணிப் பலகையில் எழுத வேண்டியது டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவரின் வேலை. அன்றைக்கு அது நீங்கள். உங்களையும் சேர்த்து 12 என்று எழுதினீர்கள். பாதி மலையில் வயிறு சரியில்லை, பின்னால் வருகிற வண்டியில் வருகிறேன் என்று இறங்கிக்கொண்டீர்கள். எழுதியதை 11 என்று மாற்றவில்லை. அடுத்த வளைவில் வண்டி உருண்டு பதினொரு பேரும் போய்விட்டார்கள். பலகையில் 12 என்று இருந்ததால் பன்னிரண்டாவது ஆளை இரண்டு நாள் பனியில் தேடினார்கள். தேடுவது உங்களைத்தான் என்று சொல்லப் பயந்துகொண்டு நீங்களும் அவர்களோடு சேர்ந்து தேடினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் வெளியூரே கதி என்று இருந்துவிட்ட காரணம் எனக்கு அதனால்தான் தெரியும்.

அந்த வண்டி இன்னும் ஆள் எண்ணிக்கொண்டிருக்கிறது அண்ணா. முதலில் பத்து நிமிஷம் உட்கார்ந்தார், இப்போது நாலு மணி வரைக்கும் ஆகிறது. இறங்கும்போது கை ஐஸாக இருக்கிறது, உதடு நீலம் பாரித்திருக்கிறது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் நார்மல் என்கிறார். சாவியை ஒளித்து வைத்தேன், சாவி இல்லாமலே என்ஜின் உறுமுகிறது. வண்டியை விற்றுவிடலாம் என்றால் குழந்தை மாதிரி அழுகிறார். நேற்று இறங்கியதும் "கணக்கு முடிஞ்சிட்டா கெளம்பிடலாம் கனகா" என்றார்.

உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன், பொய் எதற்கு. என் அண்ணன்மார் கல்யாணத்தைத் தடுக்க வாசலில் நின்றபோது என்னைப் பின்வழியாக ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிப்போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அந்த நன்றி எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் சேர்த்து வைத்த மனுஷர் என் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு தடவை வாருங்கள். உங்கள் கையாலேயே அந்த 12-ஐ அழித்துவிட்டு 11 என்று எழுதிவிட்டுப் போங்கள். வரப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உங்கள் சீட். அதில் என் வீட்டுக்காரர் உட்கார வேண்டியதில்லை. உங்கள் இடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் தங்கை என்று பொறுத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களைப் பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் தங்கை,
கனகவல்லி யேசுதாசன்.


பொழிச்சலூர்,
22.2.2025, சனிக்கிழமை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவர் நன்றாக இருக்கிறார். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் வியாழக்கிழமை, 13ஆம் தேதி, வழக்கம்போல வண்டியில் போய் உட்கார்ந்தார். நான் ஜன்னலில் ஜெபமாலை மாதிரி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரியாக இரண்டு பத்துக்கு இவராகவே கதவைத் திறந்து இறங்கி, பக்கத்தில் ஏறுகிற யாருக்கோ வழி விடுகிற மாதிரி ஒதுங்கி நின்றார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அதற்கப்புறம்தான் இரண்டு தட்டு வந்தது. என்ஜின் ஒரு தடவை உறுமி நின்றுவிட்டது. இவர் நேராக உள்ளே வந்து, "பசிக்குது கனகா, இன்னா கீது?" என்று கேட்டார். கை சூடாக இருந்தது. மூன்று தட்டு சோறு சாப்பிட்டார்.

அன்றைக்கு நான் முழங்கால் போட்டு அழுததைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். எதுவும் ஞாபகம் இல்லை. இந்தியும் போய்விட்டது. இப்போது அந்த வண்டி மேல் ஆசையும் இல்லை, ஷ்யாம்சுந்தரையே வந்து எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார். ஏஞ்சலுக்கு போன் போட்டுச் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து அந்த மனைக்குப் போனேன். பலகை துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது, 12 இல்லை. பெஞ்சில் கை வைத்தேன், வெயில் ஏறிச் சுட்டது. கம்பளி வாடையும் இல்லை. கேபினில் எட்டிப் பார்த்தேன். இவர் புதிதாக ரெக்ஸின் தைத்துப் போட்ட இடது சீட் அமுங்கியிருந்தது. கையால் நீவி நீவி விட்டேன், எழும்பவில்லை. இவர் இளைத்துப் போன ஆள். அமுங்கியிருந்தது உங்களை மாதிரி பருத்த ஆளின் அளவு.

வீட்டுக்கு வந்து ஸ்பீட் போஸ்ட் ரசீதை எடுத்து எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நான் எழுதிய கடிதம் உங்கள் வீட்டில் 13ஆம் தேதி, வியாழக்கிழமை, பகல் ஒன்று நாற்பதுக்குப் பட்டுவாடா ஆகியிருக்கிறது.

உங்கள் போன் அணைந்தே இருக்கிறது. ஒரு வாரமாகக் காலை, பகல், சாயங்காலம் என்று போட்டுப் பார்க்கிறேன். அண்ணி போன பிறகு நீங்கள் அங்கே தனியாக இருக்கிறீர்கள், வேறு யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. இவர் வேறு "ஜீவாவுக்கு போன் போடு, வண்டிய குடுத்துட்டேன்னு சொல்லணும்" என்று தினமும் நச்சரிக்கிறார். சார்ஜ் போட மறந்திருப்பார் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொய் சொல்கிறேன்.

உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதியது என் வீட்டுக்காரருக்காகப் பதறிய வாயில் வந்தது. வந்து அந்த எண்ணை மாற்றிவிட்டுப் போங்கள் என்று அதற்கு மேலே எழுதியிருக்கிறேனே, அதைத்தான் நீங்கள் படித்திருக்க வேண்டும். அடியில் எழுதிய அந்த வரியைப் படித்திருக்கக் கூடாது. அந்த வரியை நான் எழுதியிருக்கவே கூடாது.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், இனிமேல் எங்கள் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று எழுதினாலும் சரி. இத்துடன் என் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை வைத்திருக்கிறேன். உள்ளே எதுவும் எழுதத் தோன்றாவிட்டால் வெறும் உறையையே போடுங்கள். விலாசத்தில் கதவு எண்ணை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்த இரண்டு 2-ஐயும் உங்கள் கையால் எழுதிப் போடுங்கள் அண்ணா. எனக்கு அது போதும்.

உங்கள் தங்கை,
கனகவல்லி.