பில்டரில் ஊற்றிய எண்ணெய்

நைனார்பாளையம்
ஞாயிற்றுக்கிழமை

மகன் தமிழரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம். மஸ்கட்டில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், பழியைத் தூக்கி அடுத்தவர் தலையில் வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது. இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள் என்று கேட்காதே. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை பேசுகிறாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசி வரிவரைக்கும் வாயை மூடிக்கொண்டு படி.

நீ லீவு முடிந்து கிளம்பிப் போனதிலிருந்தே நம் காருக்கு இழுவை இல்லை. சமதரையில் அவ்வளவாகத் தெரியவில்லை. போன மாதம் உன் தங்கை சுபஸ்ரீயைச் செக்கப்புக்குக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வரலாம் என்று வெள்ளிமலைக்குப் புறப்பட்டேன், கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி முக்கியது, எவ்வளவு மிதித்தாலும் நகரவில்லை. பின்னால் பஸ்காரன் ஆரன் அடித்துத் தீர்க்கிறான், ஒரு வளைவில் ஓரங்கட்டி நிறுத்தினேன். வயிற்றுப் பிள்ளைக்காரி, பாடம் நடத்துகிற பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டு, பஸ் பிடித்து, பாதி வழி நின்றுகொண்டே இறங்கி வந்தாள். இதை உன்னிடம் சொன்னபோது அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாயா? "இன்னாம்மா, கிளட்ச்சு மேலயே கால வெச்சிக்கினு ஓட்டுவ, அதான் இழுக்கல. வயசான காலத்துல உனக்கு எதுக்கு இந்த வேல, வித்துட்டு வூட்ல இரு" என்றாய். அதோடு விட்டாயா, தங்கைக்குப் போன் போட்டு அம்மா ஓட்டும் வண்டியில் ஏறாதே என்று சொல்லி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் புரோக்கர் தீனதயாளனையும் வீட்டுக்கு அனுப்பினாய். அவன் கூட்டி வந்த ஆள் சந்தையில் மாட்டைத் தட்டுவது போல என் கண்ணெதிரே பானெட்டைத் தட்டிப் பார்த்தான். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, "பையன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவரை ஊர் ஊராக ஏற்றிப் போய் வந்தவள் நான். 

மறுநாள் வண்டியை உருட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி சின்னராசு பட்டறைக்குப் போனேன். அவன் ஏர் பில்டர் டப்பாவைத் திறந்ததும் சிரித்துவிட்டான், "யாருக்கா இதுல எண்ணெ ஊத்தனது, டிராக்டர்னு நெனச்சிக்கினாங்களா?" என்றான். எட்டிப் பார்த்தேன், பேப்பர் பில்டர் எண்ணெயில் ஊறி அப்பளமாக நமத்துக் கிடந்தது. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிளம்புகிற அன்று காலையில் நீ ஆயில் கேனோடு பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாய், கேட்டதற்கு, தூசி உள்ளே போகாமல் இருக்க ஒரு வேலை செய்கிறேன் என்றாய். நம் பழைய டிராக்டருக்கு ஏர் கிளீனரின் அடியில் கிண்ணம் உண்டு, அதில் எண்ணெய் ஊற்றினால் தூசி அதில் படியும், பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து அதைச் செய்தவன் நீ. காரில் இருப்பது காகிதம்டா. அந்த எண்ணெய் குழாய்க்குள் இழுபட்டுப் போய், எவ்வளவு காற்று வருகிறது என்று இன்ஜினுக்குச் சொல்கிற சென்சாரில் பிசினாக அப்பியிருக்கிறது. அது காற்று கம்மி என்று பொய் சொல்ல, இன்ஜின் டீசலைக் கம்மி பண்ண, வண்டி எப்படி மலை ஏறும்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

சின்னராசு வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான், அவன் வருகிறவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, நானே செய்கிறேன் என்றேன். படுத்தபடியே சொல்லச் சொல்ல, சாவியை எடுத்துவிட்டு, ஒயரைப் பிடுங்கி, ஸ்குரூவைக் கழற்றி அந்தச் சென்சாரை வெளியே எடுத்தேன். உள்ளே இருக்கிற கம்பி தலைமுடியைவிட மெலிசு. துணி படக்கூடாது, விரல் படக்கூடாது, பெட்ரோலும் ஆகாது, அதற்கென்று இருக்கிற ஸ்பிரேயைத் தள்ளிப் பிடித்து அடித்து, தானாகக் காயவிட்டு மாட்ட வேண்டும். மாட்டினேன். பில்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டேன்.

நேற்று பிரசவ லீவு போட்ட உன் தங்கையை அழைத்துவர மறுபடி மலைக்குப் போனேன். வண்டி எங்கும் நிற்காமல் ஏறியது. ஆனால் அவள் பையைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணன் வேணாம்னுச்சிம்மா, நான் பஸ்லயே வந்துடறேன்" என்றாள். அரசு, நான் பெற்ற பெண் என் வண்டியைப் பார்த்து இரண்டடி பின்னால் போனாள். நீ எண்ணெய் ஊற்றியதை நான் என்றைக்கோ மன்னித்துவிடுவேன், இதை மன்னிக்க மாட்டேன். பிறகு நான் கத்தியதில் ஏறினாள். இறங்குகிற வழி முழுக்க ஒவ்வொரு வளைவிலும் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். 

வெயிலில் அலையாதே, இராத்திரியில் புரோட்டா தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு, கோபத்திலும் அதைத்தான் சாமியிடம் கேட்கிறேன். தீனதயாளனிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று நீயே சொல். அதற்கு முன்னால் உன் தங்கைக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது, அம்மா வண்டியில் தைரியமாக ஏறு என்று உன் வாயால் சொல். அதுவரை என்னைக் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். வலி எந்த நேரத்தில் வந்தாலும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போவது நான்தான், அப்போது அவள் காதில் நீ சொன்ன பழைய சொல் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. அமிர்தம்