அக்கா திட்டியதைச் சொல்லிவிட்டேன்

என் லூர்து அக்காவுக்கு,

யாரிடமும் சொல்லாதே என்று நீ கேட்டுக்கொண்டதை உன் மகளிடமே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. உனக்குத் தெரியாததா? ஜெசிந்தாவைக் கேட்டுவிட்டுத்தான் இதைக் கோயில் மலர் இதழுக்கு எழுதுகிறேன். "போடுங்க மாமா, எல்லாரும் படிக்கட்டும்" என்றாள்.

நீ போன பிறகு படிவம் நான்கு, ஐந்து படிக்கிற பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்க ஆள் கிடைக்கவில்லை. "நீ டிப்ளோமா படிச்சவன்தான, நீயே எடு" என்று ஃபாதர் என் தலையில் கட்டிவிட்டார். பாடம் மீட்பு வரலாறு. செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சார வரைபடம் போட்டுப் பழகிய கை, அதையும் ஒரே கோடாகப் போட்டது. ஆபிரகாமுக்கு ஒரு பெட்டி, மோசேக்கு ஒன்று, தாவீதுக்கு ஒன்று, நடுவில் அம்புக்குறிகள். செங்கடலிலிருந்து, கடவுள் வாக்களித்த கானான் நாட்டுக்கு நேராக ஓர் அம்பு. பாலைவனத்துக்குப் பெட்டியே இல்லை. பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஜெசிந்தா விடவில்லை. "மாமா, நாப்பது வருஷம் பாலைவனத்துல என்னதான் செஞ்சாங்க?"

"முணுமுணுத்தாங்க. கடவுளையே கொற சொன்னாங்க. அதனால கானானுக்குள்ள போகல. அடுத்த ஸ்லைட்."

பின்னால் இருந்த கெவின், "அப்படின்னா எங்கம்மாலாம் பார்டர்லயே நின்னுருவாங்க லா, சார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"எங்கம்மா முணுமுணுக்கல" என்றாள்.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அக்கா? "ஆமா, உங்கம்மா மாதிரி இருக்கணும்" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அந்தப் பொய் அன்றைக்குப் பிறந்ததில்லை. உன் அடக்கப் பூசையில் எழுந்து நின்று, அக்கா எல்லா வலியையும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் தாங்கினாள் என்று பேசியவன் நான். கோயிலே அழுதது. அதற்குப் பிறகு பார்க்கிற ஒவ்வொருவரும் உன் மகளிடம் அதையே சொன்னார்கள். மச்சானும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஜெசிந்தா வரவில்லை. வயிற்றுவலி என்றார் மச்சான். அதற்கடுத்த வாரமும் வயிற்றுவலி. எனக்குப் பொறுமை போய்விட்டது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். பின்கட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சப்பாத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உறுதிப்பூசுதல் பூசை வருது. வகுப்புக்கு வராம என்ன செய்யற?"

"எனக்கு வேணாம் மாமா."

"வேணாம்னா?"

"நான் அம்மா மாதிரி இல்ல. தெனமும் ராத்திரி கடவுள்கிட்ட சண்ட போடுறேன். ஏன் எங்கம்மாவ எடுத்தீங்கன்னு கேக்கறேன். முணுமுணுத்தவங்க உள்ள போகலன்னு நீங்கதான சொன்னீங்க. அப்புறம் எதுக்கு நான் வந்து உக்காரணும்?"

சப்பாத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். வயரை மாற்றி மாட்டிவிட்டு மின்சாரத்தைப் போட்டவன் மாதிரி நின்றேன். அடி என்மேல் விழவில்லை. அவள்மேல் விழுந்திருக்கிறது.

அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ திரு இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்து, "எனக்கு ஒரு பொட்டப்புள்ள இருக்குன்னு உனக்குத் தெரியாதா? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்டதை. படத்தைக் குப்புறக் கவிழ்த்ததை. கொஞ்ச நேரத்தில் நீயே என்னிடம் அதை நிமிர்த்தச் சொன்னதை. ஏன் என்று கேட்டதற்கு, "மூஞ்சியப் பாக்காம எப்படிடா திட்டுறது?" என்றாய். பிறகு என் கையைப் பிடித்து, "இத யாருகிட்டயும் சொல்லாத, முக்கியமா ஜெசிகிட்ட. அவ விசுவாசம் போயிடும்" என்றாய்.

ஜெசிந்தா பிரஷைக் கீழே வைத்தாள். "கெட்ட வார்த்த பேசுனாங்களா?"

"ஒண்ணு."

"எது?"

"அதெல்லாம் சொல்ல முடியாது."

சிரித்தாள், அக்கா. உன் சிரிப்புதான். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. "எல்லாரும் சேந்து எங்கம்மாவ கோயில்ல வைக்கற சுரூபமாக்கிட்டீங்க. சுரூபத்துகிட்ட நான் என்னத்தப் பேசுறது?"

உனக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்கு வெட்கப்படுவதா, இத்தனை நாள் மீறாமல் இருந்ததற்கு வெட்கப்படுவதா? இரண்டும் உறுத்துகிறது. நீ பயந்த மாதிரி அவள் விசுவாசம் போய்விட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

அன்றிரவு விடுதலைப் பயண நூலை ஒழுங்காகப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டியவன். சோறில்லை என்று ஜனங்கள் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் வானத்திலிருந்து மன்னா உணவே விழுந்திருக்கிறது. கானானுக்குள் போகாததும் உண்மை, அத்தனை வருஷமும் அவர்களுக்குச் சாப்பாடு நிற்காததும் உண்மை. நான் பிள்ளைகளுக்குப் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

போன ஞாயிறு பாலைவனத்துக்கு ஒரு முழு வகுப்பு எடுத்தேன். ஜெசிந்தா வந்தாள். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். முடிகிற நேரத்தில், "மோசே அவ்வளவு செஞ்சாரே, அவரையும் ஏன் உள்ள விடல?" என்று கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். "எனக்குத் தெரியல" என்றேன். உறுதிப்பூசுதல் எடுப்பாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவளுக்கு உன்மேலும் கோபம் இருக்கிறது, அக்கா. தன்னிடம் மறைத்தாயே என்று. கல்லறைத் திருநாளுக்கு அவளை அழைத்து வருகிறேன். மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு நான் தள்ளிப் போய்விடுவேன். அவள் உன்னிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். எத்தனை நேரம் ஆனாலும், போதும் வா என்று கூப்பிட மாட்டேன்.

உன் வாக்கைக் காப்பாற்றாத தம்பி,
அந்தோணி