வேர்த்த பிறகு கேளும்

உம்முடைய சைக்கிள் பம்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, சிநேகிதி. நேற்றுப் பின்னேரம் அதன் கைபிடியை இழுத்தபோது காறல் மணம் அடித்தது. உள்ளேயிருக்கும் தோல் வாசர் காயக்கூடாதென்று நீர் எப்போதோ ஊற்றிய தேங்காயெண்ணெய். அந்த மணத்தோடு நீரும் வந்து பக்கத்தில் நின்று, "நல்லா அமத்தி அடியும்" என்று சொன்னது போலிருந்தது.

உம்மைச் சேமக்காலையில் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து என் சைக்கிள் வீட்டுக் கோடிப்புறத்தில் சாத்தியபடியே நின்றது. நான் எழும்புவேன், தேத்தண்ணி குடிப்பேன், திரும்பவும் படுப்பேன். கறிக்கு உப்புப் போட்டேனா என்று நினைத்துப் பார்க்கவும் மனமில்லை. கனடாவிலிருந்து மகன் கதைக்கும்போது, "அம்மா, வயசு போட்டுது. இனி ஆறுதலா வீட்டிலை இருங்கோவன்" என்பான். ஆறுதலாக இருந்துதான் இந்தக் கோலத்தில் கிடக்கிறேன் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

நேற்று நான் பம்பைத் தேடியதற்குக் காரணம் முன்வீட்டுக்காரி. படலைக்குள் வராமல் வெளியே நின்றே கூப்பிட்டாள்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. நாளைக்குக் காலமை மகன்ரை பொன்னுருக்கு. விடியவே ஆசாரி வீட்டை வெளிக்கிடுறம். அந்த நேரம் மட்டும் நீங்கள் சைக்கிளை எடுக்காதேங்கோ."

"நான் ஒரு மாசமா எடுக்கேல்லையே, பிள்ளை."

"ஓமோ? நான் கவனிக்கேல்லை."

இத்தனை நாள் நான் படுக்கையில் கிடந்தது அவள் கண்ணில் படவில்லை. மகனின் தாலிக்குப் பொன் உருக்கப் போகிற வழியில் தாலியில்லாத ஒருத்தி எதிரே வந்துவிடுவாளே என்றதும்தான் என் நினைவு வந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன், உங்கடை பொன் என்ரை முகத்தைக் கண்டா உருகாதோ?" என்று கேட்டேன்.

நீர் நின்றிருந்தால் இதைவிட நன்றாகக் கேட்டிருப்பீர். அவள் கொழும்புக்கு விசாவுக்கு வெளிக்கிட்ட காலை உமக்கு நினைவிருக்கும். நாங்கள் இருவரும் சைக்கிளில் வருவதைக் கண்டு படலையைச் சாத்தினாள். நீர் ஒரு காலை ஊன்றி நின்று, ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் கேட்கச் சத்தம் போட்டீர்: "பயப்பிடாமல் போ, பிள்ளை! ரெண்டு விதவை சேந்து வந்தா ஒண்டுக்கொண்டு வெட்டிப்போம்!" நான் சிரித்த சிரிப்பில் வேலிக்குள் விழப் பார்த்தேன். அவளுக்கு விசாவும் கிடைத்தது. அதை எங்கள் கணக்கில் யார் எழுதினார்கள்?

என் மனிசன் போய் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு நீர் வந்ததை நினைக்கிறேன். ஆண்டுத்திவசம் வரைக்கும் வெளிக்கிடக்கூடாது என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். நானும் அறைக்குள் சுவரைப் பார்த்தபடி இருந்தேன். நீர் என் சைக்கிளை நீரே உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டீர்.

"வெளிக்கிடும்."

"மனம் சரியில்லை."

"மனத்தை இப்ப ஆர் கேட்டது? வேர்த்த பிறகு கேளும்."

"உங்கடை கிறிஸ்தவ வேதத்திலை உதெல்லாம் பாக்கிறேல்லை. எங்கடை சனம் கதைக்கும்."

"எங்கடை சனத்துக்கு மட்டும் வாய் இல்லையோ? என்ரை மனிசன் போய் நான் வெளிக்கிட்ட நேரம் கோயிலடியிலை உதைத்தான் கதைச்சவை. வாரும்."

அன்று வயல்வெளியில் எதிர்காற்று. உம்மைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். தொடை நடுங்கியது, நெஞ்சு எரிந்தது, இறங்கி நின்று அழுதேன். நீர் தேற்றவில்லை. முன்னாலே போய்க்கொண்டிருந்தீர். அந்தக் கோபத்தில் திரும்பவும் ஏறினேன். வரும்போது காற்று முதுகில். அவரைப் பற்றிய நினைவில்லாமல் ஒரு துண்டு வழி வந்திருக்கிறேன் என்பது வீட்டடிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பழஞ்சோற்றைப் பிசைந்து நின்றபடியே தின்றேன். அவர் போனபின் பசித்துத் தின்றது அன்றுதான்.

இப்போது வானொலியில் டாக்குத்தர்மார் சொல்கிறார்கள், உடம்பை அசைத்தால் மனம் தெளியுமாம். நீர் சொன்னபோது ஊர் எங்களை அடக்கமில்லாத பெண்டுகள் என்றது. நான் பள்ளியில் அதிகம் படிக்காதவள். பேப்பர் வாசிக்கவே நானாகத்தான் பழகினேன். ஆனாலும் இந்த ஒன்றை எனக்கு எவரும் இனி விளக்கத் தேவையில்லை. என் காலுக்குத் தெரியும்.

இன்று விடிய எழும்பி வெளிக்கிட்டேன். வீம்புக்குத்தான் வெளிக்கிட்டேன், அதை ஏன் மறைக்கவேண்டும்? முதல் முடக்கிலேயே மூச்சு வாங்கியது. பக்கத்தில் உம்முடைய சைக்கிள் சங்கிலி கரகரக்கும் சத்தம் இல்லை. சேமக்காலை வாசலில் நான் இறங்கவில்லை. இறங்கினால் திரும்ப ஏறமாட்டேன். வயல்வெளியில் அதே எதிர்காற்று. இந்த முறை திட்டவும் ஆளில்லை.

திரும்பி வரும்போது ஒழுங்கையில் அவர்களுடைய வான் எதிரே வந்தது. முன்சீற்றில் மாப்பிள்ளை. இதே ஒழுங்கையில் நீர் சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலே ஓடி ஓடிச் சைக்கிள் பழக்கினீரே, அதே பெடியன். தாய் அவசரமாகச் சாரதியின் தோளில் தட்டினாள். வான் பின்பக்கமாகவே போய் அவர்கள் வளவுக்குள் நுழைந்தது. உள்ளே போய்க் கொஞ்சம் இருந்து, தண்ணீர் குடித்து, புதிதாக வெளிக்கிடுவார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

நீர் நின்றிருந்தால் இதற்கும் ஒன்று சொல்லியிருப்பீர், சிரித்திருப்போம். இன்று நான் ஒருத்தி. வெட்டிப்போக இரண்டாமவள் இல்லை. ஆனாலும் நான் இறங்கவில்லை. மணியை அடித்துக்கொண்டே அவர்கள் வாசலைக் கடந்தேன். அந்தப் பெடியன் நல்லாயிருக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். அதை அவன் தாயிடம் போய்ச் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்து கிணற்றுக்கட்டில் இருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இப்போது கேட்கலாம் என்று மனத்தைக் கேட்டேன். நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது. நீர் இல்லாத குறை அதைவிடப் பெரிதாக இருக்கிறது. ஆனால் போய்ப் படு என்று அது சொல்லவில்லை. பசிக்கிறது என்றது.

தின்றேன். பிறகு பம்பைக் கழற்றி வாசருக்குப் புது எண்ணெய் விட்டேன். நாளைக்கும் வெளிக்கிடுவேன், கலியாணத்தன்றும் வெளிக்கிடுவேன். எதிரே வருகிறவர்கள் தங்கள் சகுனத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.