முதலில் வயல், பிறகு படை

சனிக்கிழமை இரவு, ஆகஸ்ட் 1996

கல்யாணமாகி இந்த சுங்கை வே ஊருக்கு வந்து இரண்டு மாதமாகப் போகிறது. அவர் வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். இன்று மாலை தேநீரை வைத்துவிட்டுத் திரும்பாமல் பக்கத்திலேயே நின்றேன்.

"இது என்ன கேம்?"

உடனே எழுந்து எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். இரண்டு கேம்களைக் காட்டினார். ஒன்றில் மந்திரவாதிகளையும் டிராகன்களையும் சேர்த்துக்கொண்டு நேரே சண்டைக்குப் போகலாம். இன்னொன்றில் முதலில் வயல் போட்டு, வீடு கட்டி, ஆட்கள் குடிவந்த பிறகுதான் படையே.

"முதல் கேம்தான் பெஸ்ட் லா. இது ரொம்ப ஸ்லோ."

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு," என்றேன். மௌஸை என்னிடமே கொடுத்துவிட்டார்.

வயல் விளைந்தது. வீரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். "இப்பவே அனுப்பு, எதிரி கோட்டையில ஆளே இல்ல," என்று அவசரப்படுத்தினார்.

"பாவம், இப்பதானே வந்திருக்காங்க. புது இடம். கொஞ்ச நாள் பழகட்டுமே."

அவர் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா வீட்டு ஞாபகமா இருக்கா?"

வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"நாளைக்கே மோட்டார் சைக்கிள்ல காப்பாருக்கு, உங்க அம்மா வீட்டுக்குப் போவோம். முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே."

"கேக்கத் தெரியல," என்றார்.

எனக்கும்தான் சொல்லத் தெரியவில்லை. அவர் இப்போது தூங்குகிறார். காலையில் சீக்கிரம் எழ வேண்டும்.